கத்தியைக் கீழே வைக்காமல்

அல்சூர் கடைத்தெருவிலிருந்து ஏரிப் பக்கம் திரும்புகிற சந்தில் எங்கள் சலூன் இருக்கிறது. இரண்டு நாற்காலி. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் தம்பி. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு சவரக்கத்திதான். கத்தரிக்கோல் யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். மிஷின் வாங்கி வீட்டிலேயே முடியை ஓட்ட வெட்டிக்கொள்கிறவர்கள்கூட இப்போது நிறைய ஆகிவிட்டார்கள். ஆனால் பிளேடு மாட்டின கத்தியை ஒருத்தர் தொண்டைக்குழியில் வைத்து, அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிற மாதிரி ஓட்டுகிற கை எல்லாருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்திருந்தது. என் நாற்காலியில் ஷேவிங்குக்கு உட்கார்ந்து குறட்டை விட்டவர்கள் உண்டு.

அந்தக் கை ஒரு நாள் என்னை விட்டுப் போய்விட்டது. போன கையைத் திரும்ப வாங்கினேன், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கவலைப்பட்டே வளர்ந்தவன். கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், சரியாக இழுத்தோமா என்று சந்தேகம் வந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுப்பேன். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் எனக்கு ஜுரம் அடிக்கிற மாதிரி இருக்கும். இப்படிப்பட்டவனுக்குச் சுகர் வந்தது. கொஞ்ச காலம் மாத்திரை, அப்புறம் இன்சுலின், காலையில் ஒரு ஊசி, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஊசி. ஊசிக்கு நான் பயப்படவில்லை. கத்தி பிடிக்கிறவனுக்கு ஊசி எம்மாத்திரம். டாக்டரம்மா சொன்ன வேறு ஒன்றுதான் மனசில் போய் ஒட்டிக்கொண்டது.

“ஊசி போட்டுட்டு சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீங்க. சுகர் ரொம்ப இறங்கிடும், லோ ஆயிடும். வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். அப்போ உடனே இனிப்பா எதாவது வாயில போட்டுக்கணும்.”

கை நடுங்கும் என்றாரே, அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஒரு சலூன்காரனிடம் சொல்கிற வார்த்தையா அது?

அப்படியே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் பெஞ்சு நிறைய ஆள் இருக்கும், வாசலில் வேறு இரண்டு பேர் நிற்பார்கள். காலையில் ஊசி போட்டுக்கொண்டு அரை தோசையோடு ஓடி வந்தவன், மத்தியானம் தாண்டியும் சாப்பிடவில்லை. நாற்காலியில் ஓர் ஆட்டோக்காரர், கன்னடத்துக்காரர், எங்கள் பழைய வாடிக்கை. ஒரு கன்னம் முடித்துவிட்டேன். மறு கன்னத்துக்கு நுரையைத் தடவிக் கத்தியை எடுத்தபோது கண்ணாடிக்குள் இருந்த என் முகம் தூரத்தில் போன மாதிரி இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கத்தி முனை அவர் காதுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். “ஏனாய்த்து குரு?” என்று, என்ன ஆச்சு என்று கேட்டார்.

கத்தியை மேசையில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மச்சான் ஓடி வந்து, எதிர்க் கடையிலிருந்து டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டு வாங்கி வந்து குடிக்க வைத்தான். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மச்சான்தான் அந்த மறு கன்னத்தை முடித்து அனுப்பினான். ஆட்டோக்காரர் நல்ல மனுஷர், ஆனால் வாய் நிற்காது. சாயங்காலத்துக்குள் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க நான் ‘அரை ஷேவிங்’ ஆகிவிட்டேன்.

அவர்கள் சிரித்ததை நான் தாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். முதல் ஷேவிங்குக்குக் கத்தியில் பிளேடு மாட்டினேன். மாட்டும்போதே உள்ளங்கை நசநசவென்று வேர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல் நடுங்கியது. டாக்டரம்மா சொன்ன மூன்றும் வரிசையாக வந்து நின்றன. ஐயோ, மறுபடியும் லோ! கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்ப் பெட்டிக்கடையில் ஒரு கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. நல்லவேளை, மிட்டாய் காப்பாற்றியது என்று நினைத்தேன்.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். படிகாரக் கல் வைத்திருக்கிற டிராயரில் கடலை மிட்டாய் டப்பா ஒன்று குடியேறியது. கத்தியைத் தொட்டால் நடுக்கம் வரும், கத்தியை வைப்பேன், மிட்டாய் தின்பேன், நடுக்கம் போகும். மிட்டாய் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கத்தியைக் கீழே வைத்ததால்தான் நடுக்கம் போனது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும், இரண்டையும் ஒரே நேரத்தில் அல்லவா செய்துகொண்டிருந்தேன்.

சுகர் பார்க்கிற மிஷின் வீட்டில் இருந்தது. மனைவி வாங்கி வைத்தது. பிரிட்ஜ் மேலே பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதில் என்ன நம்பர் வருமோ என்று எனக்குப் பயம். தெரியாமல் இருந்தால் ஒரு கவலை, தெரிந்துகொண்டால் ஒன்பது கவலை என்று நினைக்கிற புத்தி என்னுடையது.

மூன்று மாத சுகர் பரிசோதனையில் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஸ்வீட் சாப்பிடறீங்களா?”

“சத்தியமா இல்ல மேடம்.”

நான் பொய் சொல்லவில்லை. மைசூர்பாகு, ஜிலேபி, கல்யாண வீட்டுப் பாயாசம் எதையும் நான் தொட்டே ரொம்ப நாளாகியிருந்தது. கடலை மிட்டாயை நான் ஸ்வீட் கணக்கில் சேர்க்கவில்லை. அது மருந்து. அவரே சொன்ன மருந்து. அவர் நம்பி, இன்சுலினை ஏற்றிவிட்டார். ஏற்றினதும் என் பயம் இன்னும் ஏறியது. ஊசி கூடினால் லோ கூடும் அல்லவா, அதனால் மிட்டாயும் கூடியது. அந்த வருஷம் என்னைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பெட்டிக்கடைக்காரர்தான்.

கடையில் ஷேவிங் எல்லாம் மச்சான் பக்கம் போனது. நான் கட்டிங் மட்டும். கத்தரிக்கோல் எடுத்தால் கை கல்லு மாதிரி நிற்கும், அது ஒரு வேடிக்கை. பெஞ்சில் ஆள் இருக்கும்போதே மச்சான் கிண்டல் பண்ணுவான்.

“மாமா, உங்க பக்கம் தலை, என் பக்கம் தாடி. நடுவுல ஒரு கோடு போட்டுடலாமா?”

“போடுடா, மீசை யாருதுன்னு அப்புறம் சண்டை வரும்.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு நாள் அவன் சிரிக்காமல் பேசினான். கடை கழுவிக்கொண்டிருந்தோம்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. என்னால ஒண்டியா ஷேவிங் எல்லாத்தையும் பாக்க முடியல. ஊர்ல தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருக்கான், நல்லா கத்தி பிடிப்பான். வரச் சொல்லட்டுமா? நீங்க கல்லால உக்காந்துக்குங்க. நிம்மதியா இருக்கலாம்.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. கல்லாவில் உட்கார் என்றால் என் நாற்காலியில் இன்னொருத்தன் நிற்பான் என்று அர்த்தம். தீபாவளி முடியட்டும், யோசிக்கலாம் என்றேன். அதற்கு மேல் தள்ள முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்த நிலைமையில்தான் அந்தத் தம்பி வந்தான். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவன். கட்டிங் முடித்து, தலையில் இரண்டு தட்டு தட்டி, தோளைப் பிடித்துவிட்டு, அப்படியே புஜத்துக்கு இறங்கினேன். எங்கள் கடையில் கட்டிங்கோடு இது இலவசம். சட்டைக்கு உள்ளே கையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. தசை முடிச்சு விழுந்திருக்கிறது என்று நினைத்து அமுக்கினேன், அவன் துள்ளி எழுந்துவிட்டான்.

“அண்ணா அண்ணா! அதைப் புடுங்கிடாதீங்க!”

சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் வெள்ளையாக ஒன்று தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுகரைப் பார்த்துப் போனுக்குச் சொல்லிவிடுமாம். சின்னப் பிள்ளையிலேயே அவனுக்குச் சுகர் வந்துவிட்டதாம். அன்றிலிருந்து இன்சுலின்தான்.

“நானும் இன்சுலின்தான் தம்பி,” என்றேன். என்னமோ ஒரே ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

“அப்படியாண்ணா! சரி, ஷேவிங்கும் பண்ணிடுங்க. ஆபீஸ்ல பெரிய மீட்டிங்.”

மச்சான் சாப்பிடப் போயிருந்தான். முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நுரை தடவினேன். பிளேடு மாட்டினேன். மாட்டின உடனே வந்துவிட்டது, வேர்வை, படபடப்பு, நடுக்கம் எல்லாம். கத்தியை வைத்துவிட்டு டிராயரைத் திறந்து மிட்டாயை வாயில் போட்டேன்.

அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். “என்னண்ணா, லோவா? செக் பண்ணிட்டீங்களா?”

“செக் பண்ணி என்ன தெரிஞ்சுக்கறது? கை நடுங்கறது எனக்கே தெரியுதே.”

“கையைக் குடுங்க.”

முகம் முழுக்க நுரையோடு எழுந்து, தன் பையிலிருந்து ஒரு சின்ன மிஷினை எடுத்தான். விரலில் குத்துகிற ஊசியைப் புதிதாக மாற்றினான். நான் ஆளுக்கு ஒரு பிளேடு மாற்றுகிற மாதிரியே மாற்றினான். எனக்கு அது பிடித்திருந்தது. குத்தினான். நம்பர் வந்தது. முந்நூறுக்குப் பக்கத்தில்.

“மிஷின் கெட்டுப்போச்சு தம்பி.”

“மிஷின் கெடல. மிட்டாய் தொட்ட விரல், அதனால கொஞ்சம் ஏத்திக் காட்டலாம். கையைக் கழுவிட்டு வாங்க.”

கழுவித் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் விரலைக் கொடுத்தேன். இருநூற்று ஐம்பது.

“அண்ணா, இது லோ இல்ல. எழுபதுக்குக் கீழ போனாத்தான் லோ. இது ஹை.”

“அப்ப இந்த நடுக்கம்?”

“பயம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்ப எனக்குப் பைத்தியம்னு சொல்றியா?”

“அப்படின்னா நானும் பைத்தியம்தான்.” நுரை காய்ந்து கன்னத்தில் விரிசல் விட்டிருந்தது, அதோடு சிரித்தான். “எனக்கு மேனேஜர் ரூம் கதவுகிட்ட வரும். ஒரு தடவ மீட்டிங் நடுவுல நிஜமாவே லோ ஆச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வேர்க்கும், நடுங்கும். ஒவ்வொரு தடவையும் ஜூஸ் குடிப்பேன். ஏறிட்டே போச்சு. லோ ஆனாலும் அந்த மூணுதான் வரும், பயந்தாலும் அந்த மூணேதான் வரும் அண்ணா. உடம்புக்கு வேற பாஷை தெரியாது. நம்பரைப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும்.”

“உனக்கு யாரு சொன்னது இதெல்லாம்?”

“என் டாக்டர் ஒருத்தர்கிட்ட அனுப்புனாங்க. கவுன்சிலர். மாத்திரை கிடையாது, பேச்சுதான்.”

மச்சான் ஏப்பத்தோடு வந்து சேர்ந்தான். தம்பியின் முகத்தில் நுரை காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் புது நுரை தடவினான். நான் வாசலில் போய் நின்றேன். ஒரு பக்கம் அவமானமாக இருந்தது. இன்னொரு பக்கம், எத்தனையோ மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து நின்ற மாதிரி இருந்தது. பயம்தானா? வெறும் பயமா? பயம் எனக்குப் புதுசா என்ன. பிறந்ததிலிருந்து அதோடுதானே குடித்தனம்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். மிட்டாய் டப்பா உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் களி கிண்டிக்கொண்டிருந்த கரண்டியோடு அப்படியே திரும்பினாள்.

“ஏங்க, அப்ப நான் தினம் இந்த ராகிக் களியக் கிண்டிக் கிண்டி தோள்பட்டை போச்சே, அது யாருக்கு? பெட்டிக்கடைக்காரருக்கா?”

திட்டி முடித்துவிட்டு, நாற்காலியைப் போட்டு ஏறி, பிரிட்ஜ் மேலிருந்த பெட்டியை அவளே எடுத்துப் பிரித்தாள்.

டாக்டரம்மா பாதி கேட்கும்போதே பேனாவை வைத்துவிட்டார். “இத்தன மாசமா ஸ்வீட் சாப்பிடறீங்களான்னு கேட்டுட்டே இருந்தேனே!”

“ஸ்வீட்டான்னு கேட்டீங்க மேடம். மருந்தான்னு கேக்கல.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிட்டாயை ஒரேயடியாக நிறுத்தினால் ஏற்றின இன்சுலின் சுகரை ரொம்ப இறக்கிவிடும் என்று சொல்லி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். என்னை அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த கவுன்சிலர் அம்மா தார்வாட் பக்கத்துக் கன்னடம் பேசுகிறவர். நான் அல்சூர்க் கன்னடத்தில் பதில் சொன்னேன். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. அவர் சொன்னது சுலபம். நடுங்கினால் முதலில் செக் பண்ணு. உண்மையிலேயே இறங்கியிருந்தால் கத்தியை வை, சாப்பிடு, தெளியும் வரை உட்கார். இறங்கவில்லை என்றால் கத்தியைக் கீழே வைக்காதே. யார் முகத்திலும் வைக்க வேண்டாம், கையில் பிடித்துக்கொண்டு சும்மா நில். நடுக்கம் வரட்டும், இருக்கட்டும், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்.

“ஒரு கத்தியை வெச்சுக்கிட்டு உங்களால பயமில்லாம செய்ய முடிஞ்ச ரொம்பச் சின்ன வேலை எது?” என்று கேட்டார்.

யோசித்தேன். “பலூன்,” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எங்கள் தொழிலில் கத்தி பழகுகிறவன் முதலில் பலூனில்தான் பழகுவான். ஊதின பலூன் மேல் நுரையைத் தடவி, பலூன் வெடிக்காமல் நுரையை மட்டும் வழித்து எடுக்க வேண்டும். கை ஒரு முடி அளவு அழுந்தினாலும் டமார். நான் அதைப் பழகி முடித்தபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை.

மறுபடியும் பலூன் வாங்கினேன். காலையில் கடைக்குப் போகும் முன்னால், மனைவி ஊதி முடிச்சுப் போட்டு மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள், நான் மிஷினில் செக் பண்ணிவிட்டுக் கத்தியை எடுப்பேன். முதல் வாரம் வெடித்துத் தள்ளியது. அவள் முகமெல்லாம் நுரை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார், “யாருக்கும்மா உங்க வீட்ல தினம் பொறந்த நாளு?”

“எங்க வீட்டுக்காரருக்குத்தான்,” என்றாள் இவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

கத்தியைக் கீழே வைக்கவில்லை. அதுதான் ஒப்பந்தம். நடுக்கம் வரும், நான் நிற்பேன். வாசலில் வருகிற வேண்டாத விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பேன். உள்ளே வா என்றும் சொல்லமாட்டேன், போ என்றும் சொல்லமாட்டேன். மிட்டாய் கிடைக்காது என்று தெரிந்ததும் அது மெதுவாகப் போய்விடும். மிட்டாய் இல்லாமலே போனது! அதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பலூன் முழுசாக இருந்தது. நுரை இல்லாமல், பளபளவென்று, சிவப்பாக.

பலூனுக்கு அப்புறம் மச்சான் முகம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கும்பிட்டான்.

“மாமா, உங்க அக்கா... சே, எங்க அக்கா தாலி மேல ஆணை. பாத்து.”

“பேசாதடா. தாடை ஆடுது.”

முதல் நாள் என்னால் முடியவில்லை. கத்தி கன்னத்துக்கு வந்ததும் பின்னால் இழுத்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் முடியவில்லை. மூன்றாவது தடவை அவனே கண்ணை மூடிக்கொண்டு, “ஊர்லருந்து அந்த ஆள வர வேணாம்னு சொல்லிட்டேன் மாமா. இனி உங்க இஷ்டம்,” என்றான். அன்றைக்கு முடித்தேன். முடித்துவிட்டு அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். குழந்தைக் கன்னம் மாதிரி இருந்தது.

பிறகு வாடிக்கைக்காரர்கள், ஒவ்வொருத்தராக. ஆட்டோக்காரரும் வந்தார். உட்காரும்போதே, “பாதி பேடா குரு, இந்த வாட்டி முழுசா பண்ணு,” என்றார். பாதி வேண்டாமாம். முழுசாகவே பண்ணினேன். நடுவில் ஒரு நாள் உண்மையாகவே லோ வந்தது. விரலைக் குத்திப் பார்த்தால் அறுபத்தி நாலு. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அந்த நம்பரைப் பார்த்து நான் பதறவில்லை. கத்தியை வைத்தேன், குளுக்கோஸ் கரைத்துக் குடித்தேன், உட்கார்ந்தேன், கால் மணி கழித்து மறுபடி பார்த்தேன், ஏறியிருந்தது. நாற்காலியில் இருந்தவரை மச்சான் முடித்து அனுப்பினான். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. இத்தனை நாளும் எந்தப் பூதத்துக்குப் பயந்து மிட்டாய் தின்றேனோ, அந்தப் பூதம் நேரில் வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று, அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது அந்தத் தம்பி கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். பெண் வீடு இங்கே ரொம்ப காலமாக இருக்கிற தமிழ்க் குடும்பம். மண்டபமும் இங்கேதான்.

“அண்ணா, எங்க வீட்ல முதல் நாள் மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கிற சடங்கு உண்டு. நீங்கதான் வரணும்.”

“மச்சானை அனுப்பறேனே தம்பி.”

“நீங்க வாங்கண்ணா.” குரலைத் தாழ்த்தினான். “மேல் சட்டை, பனியன் எல்லாம் கழட்டிட்டு உக்காரணுமாம். அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி கை தெரியும். பொண்ணுக்குத் தெரியும், அவங்க அப்பா அம்மாவுக்குத் தெரியும். மத்தவங்க யாருக்கும் தெரியாது. இத்தன வருஷமா ஃபுல் கை சட்டையிலயே ஓட்டிட்டேன். பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தர் இருந்தா தேவலை.”

நம்ம ஆளு என்றானே, அப்புறம் நான் எப்படி மறுப்பது? ஆனால் அன்றிலிருந்து என் தூக்கம் போனது. கடைக்குள் நடுங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள். மண்டபத்தில் நடுங்கினால்? மாப்பிள்ளை முகத்தில் கீறல் விழுந்தால்? கல்யாணப் போட்டோவில் காலத்துக்கும் அந்தக் கீறல் இருக்குமே. அபசகுனம் என்பார்களே. முந்தின நாள் மனைவியிடம் சொன்னேன், போகவில்லை என்று. அவள் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, “பலூன் ஊதட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். போனேன்.

மண்டபத்தில் மணை போட்டுக் கிழக்குப் பார்த்து மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். வேட்டியும் தோளில் ஒரு துண்டும் மட்டும். சுற்றிப் பெண்கள், பெரியவர்கள், போட்டோ எடுக்கிறவர், காலுக்கு இடையில் ஓடுகிற பிள்ளைகள். துண்டு நழுவியதும் ஒரு பெரியம்மா குனிந்து பார்த்தார்.

“அது என்னடா கையில பொத்தான் மாதிரி?”

தம்பி என்னைப் பார்த்தான். சொல்லு என்கிற மாதிரி நான் தலையை ஆட்டினேன்.

“சுகர் பாக்கற மிஷின் பெரியம்மா. எனக்குச் சின்ன வயசுலருந்தே இருக்கு.”

அவர் கிட்டே வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பெரியம்மா, “அடப்பாவி, எனக்கும்தான்டா இருக்கு! தினம் விரலக் குத்திக்கிட்டுச் சாவறேன். இது எங்க விக்குது?” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தம்பியின் தோள் இறங்கினதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

தாய்மாமன் அறுகம்புல்லைப் பாலில் தொட்டு இரண்டு கன்னத்திலும் வைத்தார். அடுத்தது நான். தட்டில் இருந்த கத்தியை எடுத்துப் பிளேடு மாட்டினேன். வேர்த்தது. நெஞ்சு அடித்தது. கை நடுங்கியது, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு என் கையையே பார்த்தார்.

கத்தியைக் கீழே வைக்கவில்லை. இடது கையால் பையிலிருந்து மிஷினை எடுத்து அவன் மடியில் வைத்தேன். “தம்பி, குத்து,” என்று விரலை நீட்டினேன். மணையில் உட்கார்ந்தபடியே மாப்பிள்ளை என் விரலில் குத்தினான்.

“ஐயய்யோ, என்னய்யா இது! மாப்பிள்ளைக்குக் கத்தி படறதுக்கு முன்னாடி சலூன்காரருக்கு ரத்தம் வந்துடுச்சே!” என்றார் ஒரு சித்தப்பா.

நம்பர் வந்தது. நூற்று நாற்பத்திரண்டு.

“பயம்தான்!” என்றேன், சத்தமாக. அவ்வளவு பேருக்கு முன்னால் அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தம்பி தன் போனை எட்டிப் பார்த்தான். “எனக்கும் பயம்தான் அண்ணா. சுகர் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப ஆரம்பிக்கலாமா?”

“ஆரம்பிங்க.”

நுரை தடவினேன். கத்தியைக் காதோரம் வைத்தேன். நடுக்கம் இருந்தது. ஆனால் பிளேடு தோலைத் தொட்டதும், பல வருஷமாகப் பழகின ஏதோ ஒன்று விரலுக்குள் இறங்கி உட்கார்ந்தது. முதல் இழுப்பு. நுரை ஒதுங்கிப் பாதை போட்ட மாதிரி தோல் தெரிந்தது. இரண்டாவது. தாடையின் வளைவில் இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக. கழுத்துக்கு வந்தேன். தொண்டைக்குழி மேலும் கீழும் ஏறி இறங்கியது. “முழுங்காத தம்பி,” என்றேன். அவன் கண்ணை மூடினான். கத்தி ஓடியது. மேளம் வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ காபி டம்ளரைக் கீழே போட்டார்கள், என் கை எதற்கும் அசையவில்லை. நடுக்கம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நான் அதைக் கவனிக்கவில்லை.

மேலுதட்டை முடித்துத் துண்டால் துடைத்து, படிகாரத்தைத் தேய்த்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பெரியம்மா வந்து அவன் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார். தம்பி கண்ணைத் திறந்து, “முடிஞ்சதா? தூங்கிட்டேன் போல,” என்றான்.

கத்தியைத் துடைத்து உறையில் போடப் போனேன். அந்தச் சித்தப்பா துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மணைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ரத்தம் வந்த கைதானே? ராசியான கை. எனக்கும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்க.”

அவருக்குப் பின்னால் தாய்மாமன். அவருக்குப் பின்னால் பெண் வீட்டுக்காரர் ஒருத்தர், கன்னடத்தில், தனக்கு மீசையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருந்தார். நான் மச்சானுக்குப் போன் போட்டேன்.

“டேய், கடைய அப்படியே பூட்டிட்டு ஒரு பாக்கெட் பிளேடு எடுத்துக்கிட்டு மண்டபத்துக்கு வா.”

“என்ன மாமா, எதாச்சும் ஆயிடுச்சா?”

“க்யூ நிக்குதுடா. சீக்கிரம் வா,” என்று போனை வைத்துவிட்டு, புது பிளேடு மாட்டி, சித்தப்பாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன்.